ஃபெடரல் பிரசாரப் பணத்தை மாநிலத் தேர்தலுக்கு மாற்றலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு செனட்டரோ பிரதிநிதிகள் சபை உறுப்பினரோ ஆளுநர் தேர்தலில் இறங்குகிறார் என்றதும், அவருடைய பழைய பிரசாரக் கணக்கில் கிடக்கும் பணம் என்ன ஆகும் என்ற பேச்சு கிளம்பிவிடும். பிரசாரக் குழுக்களில் கணக்கு எழுதுபவர்கள், தன்னார்வலர்கள், நன்கொடை கொடுத்தவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். 50 மாநிலங்களையும் பட்டியல் போடவில்லை. விதிகள் எத்தனை விதமாக இருக்கின்றன என்பது புரிகிற அளவுக்குச் சில மாநிலங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். உச்சவரம்புத் தொகைகள் அவ்வப்போது திருத்தப்படும். பணத்தை நகர்த்துவதற்கு முன் நடப்புத் தொகையைச் சரிபார்த்துவிடுங்கள்.

1. ஒரே ஆள்தானே நிக்கிறார், எதுக்கு ரெண்டு கணக்கு?

ஆள் ஒருவர்தான், ஆனால் தேர்தல் வேறு. ஃபெடரல், அதாவது மத்திய அரசுப் பதவிகளான அதிபர், செனட், பிரதிநிதிகள் சபை ஆகிய மூன்றுக்கும் 1971ஆம் ஆண்டின் ஃபெடரல் தேர்தல் பிரசாரச் சட்டம் பொருந்தும். அதைக் கவனிப்பது எஃப்.இ.சி. எனப்படும் ஃபெடரல் தேர்தல் ஆணையம். ஆளுநர், மாநில அட்டர்னி ஜெனரல், மாநிலச் சட்டமன்றம், மேயர் போன்ற பதவிகள் அந்தந்த மாநிலச் சட்டத்தின் கீழ் வரும். சில பெருநகரங்களில் நகரச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

யார் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும். 2025–26 சுற்றில் ஒரு தனிநபர் ஃபெடரல் வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் தரலாம். கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதன்மைத் தேர்தலும் அதன்பின் வரும் பொதுத்தேர்தலும் தனித்தனிக் கணக்கு என்பதால் மொத்தம் 7,000. நிறுவனம் அல்லது தொழிற்சங்கத்தின் கஜானாவிலிருந்து நேராக ஒரு காசும் வாங்கக் கூடாது. கொலராடோவில் ஆளுநர் வேட்பாளருக்குத் தனிநபர் தரக்கூடியது முதன்மைக்கு 725, பொதுத்தேர்தலுக்கு 725. வர்ஜீனியாவில் உச்சவரம்பே கிடையாது, நிறுவனமும் தரலாம். ஆகவே ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பணம் போகும்போது, அது யார் கொடுத்தது, எந்த வரம்பின் கீழ் வந்தது என்று மாநிலம் கேட்கத்தான் செய்யும். கீழே வரும் பாதிப் பதில்கள் இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கின்றன.

2. ஃபெடரல் சட்டம் என்ன சொல்லுது? மாத்தலாமா, கூடாதா?

மாற்றலாம். அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் 52ஆம் தலைப்பு, 30114ஆம் பிரிவு, பிரசாரப் பணத்தை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சொல்கிறது. ஃபெடரல் பிரசாரச் செலவு, பதவி சார்ந்த செலவு, அறக்கட்டளைக்குக் கொடை, கட்சிக் கமிட்டிகளுக்கு வரம்பின்றி மாற்றுவது ஆகியவற்றோடு மாநில, உள்ளாட்சி வேட்பாளர்களுக்குக் கொடுப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்த அனுமதியோடு ஒரு நிபந்தனை ஒட்டியிருக்கிறது: மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டே கொடுக்க வேண்டும்.

இந்த வரி சட்டத்துக்குள் வந்த கதையும் கொஞ்சம் சுவாரசியம். முன்பு ‘சட்டத்துக்கு உட்பட்ட வேறு எந்தக் காரியத்துக்கும்’ செலவிடலாம் என்று பொதுவாக இருந்தது. மெக்கெய்ன்–ஃபைன்கோல்ட் சட்டம் என்று அழைக்கப்படும் 2002ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் அந்த வாசகம் உதிர்ந்துபோனது. மாநிலத் தேர்தலுக்குப் பணம் போகலாமா என்ற குழப்பம் கிளம்பியதும், 2004 இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதைத் திரும்பக் கொண்டுவந்து, மாநில வேட்பாளர்கள் பற்றிய வரியையும் தனியாகச் சேர்த்தது.

3. அப்ப ஃபெடரல் சட்டம் ஓகே சொன்னா வேலை முடிஞ்சுதே?

பாதி வேலைதான் முடிந்தது. முடிவு சொல்ல வேண்டியது மாநிலம். மாநிலங்கள் பெரும்பாலும் இந்த வழிகளில் ஏதோ ஒன்றில் போகின்றன: ஃபெடரல் கமிட்டியிடமிருந்து, அதாவது ஃபெடரல் போட்டிக்காகப் பணம் வாங்கிச் செலவிடும் பிரசாரக் குழுவிடமிருந்து, வாங்கவே கூடாது என்று தடுப்பவை, உச்சவரம்பே வைக்காததால் முழுத் தொகையும் வர விடுபவை, ஒவ்வொரு டாலரையும் அதைக் கொடுத்தவர் பெயரில் எழுதிக் காட்டச் சொல்பவை, கொடுத்தவரின் சம்மதத்தைக் கேட்பவை, ஃபெடரல் கமிட்டியையே ஒரு சாதாரண நன்கொடையாளராக நினைத்து, ஒரு நன்கொடையாளருக்கான வரம்போடு நிறுத்துபவை.

கடைசி வகையில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ‘மாற்றம் அனுமதிக்கப்படுகிறது’ என்று யாரோ சொன்னதை நம்பி மொத்தத் தொகையையும் திட்டத்தில் போட்டுவிடுவார்கள். பிறகு பார்த்தால் சில ஆயிரம் டாலர்தான் வர முடியும்.

4. எந்த மாநிலத்துல அறவே முடியாது?

கொலராடோவிலும் மினசோட்டாவிலும் முடியாது. கொலராடோவில் இந்தத் தடை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 2002இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 27ஆம் திருத்தத்தின்படி, ஒரு வேட்பாளர் கமிட்டி இன்னொரு வேட்பாளர் கமிட்டியிடமிருந்து நன்கொடை வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. ஃபெடரல் சட்டத்தின் கீழ் அமைந்த கமிட்டியும் இதில் அடக்கம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். செனட்டர் மைக்கேல் பென்னட் 2025 ஏப்ரலில் ஆளுநர் பதவிக்குப் போட்டியிடுவதாக அறிவித்தபோது, மாநிலக் கணக்கைப் புதிதாகத்தான் நிரப்பத் தொடங்க வேண்டியிருந்தது. முதல் பதிலில் சொன்ன 725 டாலர் வரம்பை வைத்துப் பார்த்தால் தடைக்கான காரணம் புரியும். ஆயிரக்கணக்கில் வாங்கிச் சேர்த்த ஃபெடரல் பணத்தை உள்ளே விட்டால் அந்த வரம்பு பெயருக்குத்தான் இருக்கும்.

மினசோட்டாவில் 10ஏ.27 பிரிவு இதே வேலையைச் செய்கிறது. அதிபர், செனட்டர், பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஆகிய பதவிகளை நாடுபவரோடு தொடர்புடைய கமிட்டியிடமிருந்து மாநில வேட்பாளரின் பிரதான பிரசாரக் கமிட்டி வாங்கக் கூடாது. ‘என் சொந்தக் கமிட்டிதானே’ என்ற வாதத்துக்கு இந்த இரண்டு மாநில விதிகளும் தனிச் சலுகை எதையும் எழுதி வைக்கவில்லை.

5. வரம்பே இல்லாத மாநிலம்னா எவ்வளவு வேணும்னாலும் மாத்தலாமா?

தொகையைப் பொறுத்தவரை ஆமாம். டெக்சஸ் (நீதிபதி பதவிகள் நீங்கலாக), பென்சில்வேனியா, வர்ஜீனியா ஆகியவற்றில் தனிநபர் நன்கொடைக்கு உச்சவரம்பு கிடையாது. 2010 ஆளுநர் முதன்மைத் தேர்தலில் டெக்சஸின் அப்போதைய ஆளுநர் ரிக் பெரியை எதிர்த்த செனட்டர் கே பெய்லி ஹட்சிசன், தன் செனட் கணக்கிலிருந்து பல மில்லியன் டாலரை மாநிலக் கணக்குக்குக் கொண்டுவந்தார். 2014இல் பென்சில்வேனியா ஆளுநர் பதவிக்கு முயன்ற ஆலிசன் ஷ்வார்ட்ஸும் அப்படியே செய்தார். இருவருமே முதன்மைத் தேர்தலில் தோற்றார்கள் என்பது வேறு விஷயம்.

வரம்பு இல்லை என்பதால் கட்டுப்பாடே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். யாரிடமிருந்து வாங்கலாம் என்ற விதி தனி. டெக்சஸும் பென்சில்வேனியாவும் நிறுவனப் பணத்தைத் தடுக்கின்றன. ஃபெடரல் கணக்கில் நிறுவனக் கஜானாப் பணம் இருக்கவே முடியாது என்பதால் அந்தத் தடை இங்கே இடிக்காது. இடிப்பது வேறு இடத்தில்: ஃபெடரல் சட்டம் அனுமதிக்கும் சிலரை மாநிலம் தடுக்கலாம். கனெக்டிகட்டில் மாநில அரசின் ஒப்பந்ததாரர் நிறுவனங்களின் முக்கியப் பொறுப்பாளர்கள் மாநில அளவிலான பதவிக்கு நிற்பவருக்குக் கொடுக்கக் கூடாது. அதே நபர் அதே ஆளின் காங்கிரஸ் கமிட்டிக்குக் கொடுத்தது செல்லும். இப்படிப்பட்ட பெயர்களைப் பணம் நகரும் முன்பே சலித்து எடுத்துவிட வேண்டும்.

6. கலிஃபோர்னியாவுல லைஃபோ, ஃபைஃபோன்னு சொல்றாங்களே, அது என்ன?

கடைசியில் வந்தது முதலில் போவது லைஃபோ, முதலில் வந்தது முதலில் போவது ஃபைஃபோ. சரக்குக் கணக்கு எழுதியவர்களுக்குப் பழகிய முறைதான். கலிஃபோர்னியாவில் பணத்தை மொத்தமாகத் தூக்கி மாற்ற முடியாது. அரசாங்கச் சட்டத் தொகுப்பின் 85306ஆம் பிரிவின்படி, மாற்றும் தொகை குறிப்பிட்ட நன்கொடையாளர்களின் பெயரில் பிரித்து எழுதப்பட வேண்டும். லைஃபோ என்றால் கடைசி நன்கொடையிலிருந்து பின்னோக்கி, ஃபைஃபோ என்றால் முதல் நன்கொடையிலிருந்து முன்னோக்கி. அப்படி எழுதிய தொகையும் அவர் மாநிலக் கமிட்டிக்கு ஏற்கெனவே கொடுத்ததும் சேர்ந்து மாநில வரம்பைத் தாண்டக் கூடாது. 2025–26இல் அந்த வரம்பு சட்டமன்றத்துக்கு 5,900 டாலர், ஆளுநர் பதவிக்கு 39,200.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். சட்டமன்றத்துக்கு நிற்கும் ஒருவர், முதன்மைத் தேர்தலுக்காக லைஃபோ முறையில் மாற்றுகிறார். ஃபெடரல் பேரேட்டில் கடைசி நான்கு பெயர்கள் இப்படி இருக்கின்றன. முதலாமவர் 7,000 கொடுத்திருக்கிறார். போகக்கூடியது 5,900, நிற்பது 1,100. இரண்டாமவர் 3,500 கொடுத்திருக்கிறார், ஆனால் மாநிலக் கமிட்டிக்கும் ஏற்கெனவே 4,000 கொடுத்துவிட்டார். ஆகவே 1,900 போகும், 1,600 நிற்கும். மூன்றாமவரின் 2,000 முழுசாகப் போகும். நான்காவது ஒரு பேக், அதாவது அரசியல் செயற்குழு. அதன் 5,000மும் முழுசாகப் போகும். மொத்தம் 17,500இல் 14,800 மாறுகிறது. மீதி 2,700 ஃபெடரல் கணக்கிலேயே இருக்கும்.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு இரண்டாமவர் விஷயம்தான். ஃபெடரல் பட்டியலும் மாநிலப் பட்டியலும் வெவ்வேறு மென்பொருளில் இருக்கும். ஒன்றில் ‘ராபர்ட்’, இன்னொன்றில் ‘பாப்’ என்று பதிவாகியிருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று யாரும் கவனிக்காததால் வரம்பு மீறிவிடும். பெயரை மட்டும் பார்க்காமல் முகவரியையும் வேலை செய்யும் இடத்தையும் சேர்த்து ஒப்பிடுங்கள். வசதியான பெயர்களை மட்டும் பொறுக்கி எடுப்பதற்காக லைஃபோவையும் ஃபைஃபோவையும் கலந்து போடவும் முடியாது.

7. பணம் கொடுத்தவங்ககிட்ட சம்மதம் கேட்கணுமா?

கலிஃபோர்னியா முறையில் கேட்க வேண்டியதில்லை. பெயரை எழுதினால் போதும். வாஷிங்டன் மாநிலத்தின் விதி அப்படி அல்ல. ஒரு பதவிக்காக வாங்கிய நன்கொடையை வேறு பதவிக்கான போட்டியில் பயன்படுத்த, கொடுத்தவரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும். வரம்புக்குள்ளும் இருக்க வேண்டும்.

ஒப்புதல் கடிதத்தில் என்ன பதவிக்காக வாங்கியது, எந்தப் பதவிக்கு மாற்றப்படுகிறது, எவ்வளவு தொகை, தேதி, கையொப்பம் ஆகியவை தெளிவாக இருக்கட்டும். ‘மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்’ என்று மின்னஞ்சல் அனுப்புவது ஒப்புதல் ஆகாது. பதில் வராதவர்களின் பணம் பழைய இடத்திலேயே இருக்கட்டும்.

8. 200 டாலருக்குக் கீழ கொடுத்தவங்க பெயர் எஃப்.இ.சி. அறிக்கையில வராதே, அவங்க பணத்தை எப்படிக் காட்டுறது?

அறிக்கையில் வராது என்பது சரி. ஒரு தேர்தல் சுற்றில் 200 டாலரைத் தாண்டியவர்களின் விவரம்தான் தனித்தனியாக அச்சாகும். ஆனால் 50 டாலருக்கு மேல் கொடுத்த ஒவ்வொருவரின் பெயரையும் முகவரியையும் பொருளாளர் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும் என்பதும் ஃபெடரல் விதி. ஆக்ட்புளூ, வின்ரெட் போன்ற இணைய நன்கொடைத் தளங்கள் வழியாக வந்ததென்றால் சில்லறைத் தொகைக்கும் விவரம் இருக்கும். அந்தக் கோப்புகளைத் தரவிறக்கி வைத்திருங்கள்.

கூட்டத்தில் உண்டியல் சுற்றி வாங்கிய ரொக்கம் போன்றவற்றுக்குப் பெயர் கிடைக்காது. பெயர் சொல்ல முடியாத பணத்தை, பெயர் கேட்கும் மாநிலத்துக்கு அனுப்ப வேண்டாம். அதை ஃபெடரல் கமிட்டியின் கடைசிக் காலச் செலவுகளுக்கே வைத்துக்கொள்வதுதான் தலைவலி இல்லாத வழி.

9. பொதுத்தேர்தலுக்குன்னு முன்கூட்டியே வாங்கி வச்ச பணத்தையும் சேர்த்து மாத்திடலாமா?

கூடாது. முதல் பதிலில் சொன்ன 7,000இல் பாதி பொதுத்தேர்தலுக்கு உரியது. முதன்மைத் தேர்தல் முடிவதற்கு முன்பே அதையும் வாங்கலாம், ஆனால் தனியாகக் கணக்கு வைத்திருக்க வேண்டும். வேட்பாளர் ஃபெடரல் பொதுத்தேர்தலில் நிற்கப்போவதில்லை என்றானதும், அந்தத் தொகையை 60 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அல்லது கொடுத்தவரிடம் எழுதி வாங்கி, வரம்பில் இடம் இருந்தால் வேறு ஃபெடரல் தேர்தலுக்கோ கூட்டு நன்கொடையாளர் பெயருக்கோ மாற்ற வேண்டும்.

பெரிய தொகைகள் சிக்குவது இங்கேதான். கணக்கில் இருக்கும் மொத்த இருப்பைப் பார்த்து ‘இவ்வளவு கொண்டுவருகிறார்’ என்று செய்தி வந்துவிடும். அதில் பொதுத்தேர்தலுக்கு உரியதைக் கழித்தால் தொகை கணிசமாக இறங்கும். ஆறாம் பதிலில் உள்ள கணக்கிலும் முதலாமவரின் 7,000இல் இப்படிப்பட்ட 3,500 இருந்திருந்தால், அதை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் லைஃபோவைத் தொடங்க வேண்டும். திருப்பிக் கொடுத்த பிறகு, அதே நபரிடம் மாநிலக் கமிட்டிக்குப் புதிதாகக் கேட்பதில் தவறில்லை. அப்போது மாநில வரம்பு மட்டும் பார்த்தால் போதும்.

10. நடைமுறையில பொருளாளர் என்னென்ன செய்யணும்? வரிசையா சொல்லுங்க.

முதலில் மாநிலக் கமிட்டி பிறக்க வேண்டும். தனிப் பதிவு, தனி வரி அடையாள எண், தனி வங்கிக் கணக்கு. கலிஃபோர்னியாவில் ஒரு டாலர் வாங்கும் முன்பே படிவம் 501, பிறகு 2,000 டாலரைத் தொட்ட 10 நாளுக்குள் படிவம் 410. பழைய ஃபெடரல் வங்கிக் கணக்கின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு ஓட்டலாம் என்ற யோசனை வேண்டாம். இரண்டு சட்டத்தின் பணமும் ஒரே குவியலில் கலந்துவிட்டால் பிரித்துக் காட்டவே முடியாது.

அடுத்து ஃபெடரல் பக்கம். பாக்கிக் கடன்கள், திருப்பித் தர வேண்டியவை, வழக்கறிஞர் மற்றும் கணக்காளர் கட்டணம் ஆகியவற்றுக்கு ஒதுக்கிவிட்டு மீதியைத்தான் மாற்றத்துக்கு உரியதாகக் கொள்ளுங்கள். கடன் நிலுவையில் இருந்தால் கமிட்டியை மூடவே முடியாது. மாற்றிய தொகையைப் படிவம் 3இல், ‘பி’ அட்டவணையில், 21ஆம் வரியில் ‘இதர செலவினங்கள்’ என்று காட்ட வேண்டும். 18ஆம் வரி ‘அங்கீகரிக்கப்பட்ட பிற கமிட்டிகளுக்கு மாற்றியது’ என்று இருப்பதால் பலர் அவசரத்தில் அங்கே எழுதிவிடுகிறார்கள். அது ஃபெடரல் கமிட்டிகளுக்கு மட்டும் உரியது. காலாண்டு அறிக்கைக்கான கடைசி நாள்கள் ஏப்ரல் 15, ஜூலை 15, அக்டோபர் 15, ஜனவரி 31.

மாநிலப் பக்கத்தில் வரவு எழுதும்போது தேதியும் தொகையும் ஃபெடரல் அறிக்கையோடு காசு பிசகாமல் பொருந்த வேண்டும். எதிர்த்தரப்பு முதலில் ஒப்பிடுவது இந்த இரண்டையும்தான். தேர்தல் நெருங்கிவிட்டால் மாநிலத்தின் அவசர அறிக்கை விதியும் சேரும். கலிஃபோர்னியாவில் தேர்தலுக்கு முந்தைய 90 நாளில் 1,000 டாலரும் அதற்கு மேலும் வந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

11. பணம் இல்லைங்க, கம்ப்யூட்டர், மின்னஞ்சல் பட்டியல் மாதிரி பொருள்களைச் சும்மா எடுத்துக்கலாமா?

பொருளும் பணம்தான். மாநிலக் கமிட்டி சந்தை விலை கொடுத்து வாங்கலாம், அல்லது பொருள்வகை நன்கொடையாக மதிப்புப் போட்டு வரவு வைக்கலாம். நன்கொடை என்றால் மூன்றாம் பதிலில் சொன்ன விதி அப்படியே பொருந்தும். கொலராடோவில் பணத்துக்கு உள்ள தடை மடிக்கணினிக்கும் உண்டு. நாற்காலி, மேசையை எல்லோரும் மதிப்புப் போடுவார்கள். உண்மையில் விலைமதிப்பு அதிகம் உள்ள நன்கொடையாளர் பட்டியலை மறந்துவிடுவார்கள். விலைக்கு வாங்கினால், பட்டியல் வணிகம் செய்யும் ஒருவரிடம் மதிப்பீடு எழுதி வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

12. மாநில அலுவலகம் ‘முடியாது’ன்னு சொல்லிட்டா அவ்வளவுதானா?

நீதிமன்றம் இருக்கிறது. நியூ மெக்சிகோவில் 2018 ஆளுநர் தேர்தலுக்கு நின்ற பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஸ்டீவ் பியர்ஸ், கிட்டத்தட்ட 10 லட்சம் டாலரை ஃபெடரல் கணக்கிலிருந்து கொண்டுவர விரும்பினார். மாநிலச் செயலர் அலுவலகம், ஃபெடரல் கமிட்டியும் ஒரு நன்கொடையாளர்தான், முதன்மைக்கு 5,500, பொதுத்தேர்தலுக்கு 5,500 என 11,000தான் வரலாம் என்றது. பியர்ஸ் வழக்குப் போட்டார். 2017 இறுதியில் ஃபெடரல் நீதிபதி ஜூடித் ஹெரேரா அவருக்குச் சாதகமாக இடைக்காலத் தடை விதித்தார். அடுத்த ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. பணம் வந்தும், அந்தத் தேர்தலில் வென்றவர் மிஷெல் லுஹான் கிரிஷாம்.

இந்த வாதத்துக்குப் பழைய வேர் ஒன்று உண்டு. கலிஃபோர்னியா வாக்காளர்கள் 1988இல் நிறைவேற்றிய 73ஆம் முன்மொழிவு, ஒரு வேட்பாளர் தன் ஒரு கமிட்டியிலிருந்து இன்னொரு கமிட்டிக்கு மாற்றுவதைத் தடுத்தது. ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992இல் அதைச் செல்லாது என்றது. தன் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று கட்டுப்படுத்துவது செலவுக்கு வரம்பு வைப்பதுதான் என்பது அதன் பார்வை. நன்கொடை வரம்பைவிடச் செலவு வரம்பை அமெரிக்க நீதிமன்றங்கள் கடுமையாகச் சோதிக்கும். ஆறாம் பதிலில் உள்ள பெயர் எழுதும் முறை, முழுத் தடை போடாமலேயே வரம்பைக் காப்பாற்றும் வழி. எங்கள் பார்வையில் நியாயத்துக்கு நெருக்கமானதும் அதுதான். அதற்காக, வழக்குப் போட்டால் கொலராடோ தடையும் விழுந்துவிடும் என்று எண்ணிப் பிரசாரத் திட்டம் போடாதீர்கள். தேர்தல் நாள் தீர்ப்புக்காகக் காத்திருக்காது.

13. பதவியில இருந்துக்கிட்டே ஆளுநருக்கு நிக்கிறவர், மாநில விதிப்படி பெரிய தொகை கேட்டு வாங்கலாமா?

தன் போட்டிக்காக மட்டும் கேட்கலாம். ஃபெடரல் பதவியில் இருப்பவர் மாநிலத் தேர்தலுக்குப் பணம் திரட்டினால் அதுவும் ஃபெடரல் வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. அவரே மாநில வேட்பாளராக இருந்தால் விதிவிலக்கு உண்டு. அந்த வேண்டுகோள் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டதாகவும், அவரையோ அதே பதவிக்கு நிற்கும் மற்றவரையோ மட்டும் குறிப்பதாகவும் இருக்க வேண்டும். 2005இல் செனட்டராக இருந்தபடியே நியூ ஜெர்சி ஆளுநர் பதவிக்கு நின்ற ஜான் கார்சைன் இந்த எல்லையைப் பற்றி எஃப்.இ.சி.யிடம் ஆலோசனைக் கருத்து, அதாவது விதிக்கு எழுத்துபூர்வமான விளக்கம், கேட்டார். தன் போட்டிக்கு மாநில விதி, மற்ற மாநில வேட்பாளர்களுக்குத் திரட்டினால் ஃபெடரல் விதி என்ற கோடுதான் பதிலாக வந்தது. ஒரே மேடையில் தனக்கும் சட்டமன்ற வேட்பாளர்களுக்கும் சேர்த்துப் பணம் கேட்டால் மாட்டிக்கொள்வார்.

14. நேரா மாத்த முடியலைன்னா சூப்பர் பேக் வழியா அனுப்பலாமே?

சூப்பர் பேக் என்பது வேட்பாளரோடு கலந்து பேசாமல், வரம்பின்றிப் பணம் திரட்டித் தேர்தலுக்குச் செலவிடும் அரசியல் செயற்குழு. இந்தக் கேள்வி பெரும்பாலும் தடை உள்ள மாநிலங்களிலிருந்து வரும். இரண்டு இடங்களில் கால் இடறும். ஒன்று, மாநிலத்தின் ஒருங்கிணைப்பு விதி: வேட்பாளரோடு கலந்து பேசிச் செய்யும் செலவு ‘சுதந்திரச் செலவு’ ஆகாது, அது நன்கொடை. இரண்டு, பதின்மூன்றாம் பதிலில் சொன்ன அதே ஃபெடரல் சட்டம். ஃபெடரல் பதவியில் இருப்பவர் நிறுவிய, நிதி கொடுத்த, நடத்தும் அல்லது கட்டுப்படுத்தும் அமைப்பும் அதே கட்டுப்பாட்டுக்குள் வரும். வேட்பாளரின் கமிட்டி கொடுத்த பணமே அந்த சூப்பர் பேக்கின் பெரும் பங்கு என்றால், ‘நிதி கொடுத்தது நான் இல்லை’ என்று சொல்ல முடியுமா?

முன்பு யாரோ இப்படிச் செய்தார், ஒன்றும் ஆகவில்லை என்பதைத் துணைக்கு அழைக்க வேண்டாம். எஃப்.இ.சி.யில் ஆறு இடங்கள். எந்த நடவடிக்கைக்கும் நான்கு வாக்கு வேண்டும். மூன்றுக்கு மூன்று என்று முட்டி நின்று புகார் முடிந்துபோனால், அந்தச் செயல் சரி என்று தீர்ப்பு வந்ததாகப் பொருள் இல்லை.

15. தலைகீழா மாத்த முடியுமா? மாநிலப் பணத்தை ஃபெடரலுக்கு?

நேராக முடியாது. மாநிலக் கமிட்டியிலிருந்து அதே ஆளின் ஃபெடரல் கமிட்டிக்கு மாற்றுவதை எஃப்.இ.சி. விதி 110.3(டி) தடுக்கிறது. மாநிலக் கமிட்டி விரும்பினால் நன்கொடையாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அவர்களிடம் ஃபெடரல் கமிட்டி புதிதாகக் கேட்கலாம். 2023இல், அப்போது ஃபுளோரிடா ஆளுநராக இருந்த ரான் டிசாண்டிஸின் பழைய மாநில அரசியல் கமிட்டியிலிருந்து 80 மில்லியன் டாலருக்கும் மேல், அவரது அதிபர் போட்டியை ஆதரித்த சூப்பர் பேக்குக்குப் போனபோது எழுந்த சர்ச்சை இந்தத் தடையைச் சுற்றித்தான்.

16. பிரதிநிதிகள் சபையிலிருந்து செனட்டுக்குப் போனாலும் இதே தொல்லையா?

இல்லை. இரண்டுமே ஃபெடரல் என்பதால் சொந்தக் கமிட்டிகளுக்கு இடையே மாற்றுவது எளிது. டெல்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த இல்லினாய் உறுப்பினர் ராஜா கிருஷ்ணமூர்த்தி 2025 மே மாதம் செனட் போட்டியை அறிவித்தபோது, பிரதிநிதிகள் சபைக் கணக்கின் பணம் அவருக்குக் கைகொடுக்கும் என்று பேசப்பட்டது இதனால்தான். அவரே 2010இல் மாநிலக் கம்ப்ட்ரோலர் (மாநில நிதிக் கணக்கைக் கவனிப்பவர்) பதவிக்கு நின்றபோது திரட்டியது மாநிலப் பணம். அதற்குப் பதினைந்தாம் பதிலின் தடை பொருந்தும்.

17. நான் காங்கிரஸ் தேர்தலுக்குன்னுதான் கொடுத்தேன். ஆளுநர் தேர்தலுக்குப் போறது பிடிக்கலை. திருப்பிக் கேட்கலாமா?

கேட்கலாம், கொடுக்க வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. உங்கள் தொகை பொதுத்தேர்தலுக்கு உரியதென்றால் ஒன்பதாம் பதிலின்படி கட்டாயம் உண்டு. வாஷிங்டன் போன்ற இடங்களில் ஒப்புதல் தராமல் இருக்கும் உரிமையும் உங்களிடம் இருக்கிறது.

எச்1பி விசாவில் இருப்பவர்கள் தனியாகக் கேட்பதுண்டு. வெளிநாட்டவர் நன்கொடைத் தடை ஃபெடரல் தேர்தலுக்கு மட்டுமல்ல, மாநில, உள்ளாட்சித் தேர்தல்களுக்கும் சேர்த்துத்தான். கிரீன் கார்டு உள்ளவர்கள் கொடுக்கலாம், விசாவில் இருப்பவர்கள் எந்தக் கணக்குக்கும் கொடுக்கக் கூடாது. தெரியாமல் கொடுத்திருந்தால் கமிட்டிக்கு உடனே எழுதித் திரும்பப் பெறுங்கள். அந்தப் பணம் மாநிலத்துக்கு மாறிவிட்டால் சிக்கல் இரண்டாகும்.

18. சந்தேகம் இருந்தா யார்கிட்ட எழுதிக் கேட்கிறது?

மாநிலச் சட்டக் கேள்வி என்றால் மாநிலத்தைத்தான் கேட்க வேண்டும்: கலிஃபோர்னியாவில் நியாயமான அரசியல் நடைமுறை ஆணையம், வாஷிங்டனில் பொது வெளிப்படுத்தல் ஆணையம், டெக்சஸில் நெறிமுறை ஆணையம், கொலராடோவில் மாநிலச் செயலர் அலுவலகம். தொலைபேசியில் கிடைத்த பதிலை நம்பிப் பெரிய தொகையை நகர்த்தாதீர்கள். எழுத்தில் வாங்குங்கள்; கேள்வியில் உங்கள் பதவி, தொகை, பணத்தின் மூலம் மூன்றையும் அப்படியே எழுதுங்கள். உண்மை விவரம் மாறினால் அந்தப் பதில் உங்களைக் காப்பாற்றாது.

ஃபெடரல் பக்கத்துக்கு எஃப்.இ.சி.யின் ஆலோசனைக் கருத்து இருக்கிறது. வழக்கமாக 60 நாளில் பதில், தேர்தல் நெருங்கிய வேட்பாளருக்கு 20 நாளில். ஆனால் அதற்கும் நான்கு வாக்கு வேண்டும். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஆணையம் அந்த எண்ணிக்கையை இழந்தது. ஆகவே கேள்வியை எழுதும் முன் ஆணையத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள். நான்கு பேர் இல்லையென்றால், பழைய ஆலோசனைக் கருத்துகளில் உங்கள் நிலைமையோடு பொருந்துவதைத் தேடுங்கள். முக்கியமான விவரங்கள் ஒத்துப்போனால், வேறு ஒருவருக்குக் கொடுத்த கருத்தையும் நீங்கள் நம்பிச் செயல்படலாம் என்று சட்டமே சொல்கிறது.